சீனத் தேடலில் என் வீட்டுக்காரர்: நாகரசம்பட்டியிலிருந்து ஓசூர் வரை

ஓசூருக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டால், சீனாவில் ஒரு போட்டோ தேடப் போனேன் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். கல் கம்பெனியில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டில், என்னைப் போல ஒரு படத்துக்காக அலைகிறவர்கள் இருப்பீர்கள். இதைப் படித்துவிட்டுப் போனால் அலைச்சல் கொஞ்சம் குறையும். நான் எட்டாவதோடு நின்றவள். தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பிரபா என்கிற பெண் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றுகிறாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, மற்றதில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் யார் என்பது போகப் போகத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் முருகேசன். போன வருஷம் புரட்டாசியில் மாரடைப்பில் இறந்துபோனார். ஓசூரில் ஒரு கிரானைட் பாலீஷ் கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் போனால் சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். அங்கே நாலு பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். இந்த 2008 ஆவணியில், வருஷ திதிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த படமோ வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. முகம் வீங்கி, கண் ஒரு பக்கம் இழுத்து, யாரோ மாதிரி இருக்கும்.

என் நாத்தனார் கோமதி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

“எங்கண்ணனைப் போலீஸு புடிச்சி நிக்க வெச்ச மாதிரி இருக்குது அண்ணி. இதுக்கா திதி பண்ணப் போறீங்க?”

“வேற எது இருக்குது கோமு? கல்யாண போட்டோவை மாட்டலாமா?”

“அதுல மீசையே மொளைக்கலை. பாக்கறவங்க நம்ம ஊட்டுப் பையன் போயிட்டான்னு நெனைப்பாங்க.”

அவருக்குப் படமே இல்லாமல் போனதற்கு அவருடைய வேலைதான் காரணம். பாலீஷ் போட்ட கறுப்பு ஸ்லாப், அதாவது பெரிய கல் பலகை, கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எடுக்கிறவர் முகம், மேலே இருக்கிற ட்யூப் லைட், பின்னால் போகிற ஆள் எல்லாம் கல்லில் விழும். விழுந்தால் கல்லின் நிறம் தெரியாது, கீறல் இருந்தாலும் தெரியாது. அதனால் போட்டோ எடுக்கிறவர் பக்கத்தில் நின்று, கேமராவுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒரு பெரிய கறுப்புத் துணியை அவருக்கு முன்னால் விரித்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பலகையை அளந்து நம்பர் எழுதுவதும், இந்தத் துணியைப் பிடிப்பதும்தான் இவர் வேலை. ஒன்பது வருஷம் பிடித்தார். அந்தப் பழக்கத்தில் ஊரில் கல்யாணம் காதுகுத்து என்று போனாலும், போட்டோக்காரருக்குப் பின்னால் போய் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு படத்திலும் இருக்கமாட்டார்.

அவரோடு அறையில் இருந்த ஒருவர் ஆடிக்கு வந்தபோது ஒரு வார்த்தை சொன்னார். “சீனாக்காரங்க வந்தா கண்டதையும் போட்டோ எடுப்பாங்க அக்கா. எதுலயாச்சும் அண்ணன் இருப்பாரு. ஆபீசுல பிரபான்னு ஒரு பொண்ணு இருக்குது, அதுக்குச் சீன பாஷை தெரியும்.” போன் நம்பரும் கொடுத்தார். பேசினேன். ஆபீசுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வெளியே பிரௌசிங் சென்டரில் பார்க்கலாம் என்றாள். கோமதியும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நம்பித்தான் வந்தாள் என்று சொல்லமுடியாது. என்னைத் தனியாக அனுப்ப மனசில்லை, அவ்வளவுதான்.

காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தோம். நாகரசம்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் ஏழு ரூபாய். வழி முழுக்க மாந்தோப்பு. காய் எல்லாம் இறங்கிவிட்ட மாதம் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை. இந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், கவலை வேண்டாம்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். நாலு இட்லி எட்டு ரூபாய், சட்னி பரவாயில்லை. அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். பெங்களூர் போகிற பஸ் எல்லாம் ஓசூர் வழியாகத்தான் போகும். ஆனால் சிலதில் ஓசூருக்கு மட்டும் என்றால் ஏற்றமாட்டார்கள். நம்ம பஸ் ஒன்றும் கர்நாடக பஸ் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நம்ம கண்டக்டர் “ஓசூர் ஓசூர் ஓசூர்” என்று கத்த, அந்தக் கண்டக்டர் கோமதியைப் பார்த்து “அம்மா, ஒளகே பன்னி” என்று கூப்பிட்டார். உள்ளே வரச் சொல்கிறார் என்று புரிந்தது.

“ஓசூர்ல நிக்குமா?” என்று கோமதி கேட்டாள்.

“நிக்குது, நிக்குது. சீட்டு இருக்குது. அதுல ஸ்டாண்டிங்!”

நம்ம கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “யோவ், என் ஊரு ஆளை என் ஊர்லயே வந்து இழுக்கறியா? அம்மா, அவன் பைபாஸ்லயே எறக்கி வுட்டுடுவான். ஊருக்குள்ள போறது நாங்கதான்.”

நம்ம பஸ்ஸில்தான் ஏறினோம். பதினேழு ரூபாய். பர்கூர் பக்கத்து மனுஷி ஒருத்தி பாதி சீட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்ததால் சூளகிரி வரை நான் ஒரு காலில்தான் உட்கார்ந்து வந்தேன். வழியில் கல் ஏற்றிய லாரிகள். ஒரு லாரிக்கு ஒரே ஒரு கல், சங்கிலி போட்டுக் கட்டி, பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். ஒவ்வொரு லாரியையும் தாண்டும்போது கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே வந்தேன். போன வருஷம் அவர் இறந்த சேதி வந்ததும் இதே ரோட்டில் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் இதைத்தான் நான் ஓசூருக்குப் போன முதல் பயணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பதரைக்கு ஓசூர். பஸ் ஸ்டாண்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். பயப்பட வேண்டாம், தமிழில் கேட்டால் எல்லாரும் வழி சொல்கிறார்கள். பிரபா முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம்.

“நீங்கதான் முருகேசண்ணாச்சி வீட்டுக்காரவுகளா? வாங்கக்கா, வாங்க. சாப்பிட்டியளா?”

கோமதி என் காதில், “எங்கண்ணனை மளிகைக் கடைக்காரரு மாதிரி கூப்புடுது” என்றாள். ஆனாலும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிரபா ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசி முப்பதை இருபதாக்கினாள். கன்னடம் எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

“அண்ணாச்சிதான் சொல்லிக் குடுத்தாவ. ஓசூர்ல ஆட்டோக்காரன்கிட்ட தமிழ்ல கேட்டா ஒரு ரேட்டு, கன்னடத்துல கேட்டா ஒரு ரேட்டுன்னு சொல்லுவாவ. தெலுங்கு அதவிட நல்லா பேசுவாவ. தெரியாதாக்கா?”

தெரியாது. வீட்டில் அவர் தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. தமிழும் அதிகம் பேசமாட்டார்.

ஆட்டோவில் முதலில் போன பிரௌசிங் சென்டர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். ரேஷன் கார்டு அல்லது வாக்காளர் அட்டை காட்டவேண்டும், எடுத்துக்கொண்டு போங்கள். பிரபா ஏதோ தட்டினாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்தே இல்லை, சின்னச் சின்னப் பெட்டிகள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். “ஏம்மா, என்னா பண்ண? வைரஸு வந்துருச்சா?”

“வைரஸ் இல்ல அண்ணே. உங்க கம்ப்யூட்டர்ல சீன எழுத்து ஏத்தலை. அதான் கட்டமா தெரியுது.”

“நமக்கு எதுக்கும்மா சீன எழுத்து? இங்கிலீஷே ரெண்டு பேருதான் தொடறாங்க.”

அவர் காசு வாங்கவில்லை. பாகலூர் ரோட்டில் இன்னொரு சென்டர் இருக்கிறது, அங்கே சீனாவிலிருந்து மிஷின் மாட்ட வந்த இன்ஜினியர்கள் வந்து போவார்கள், எழுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பிரபா கூட்டிக்கொண்டு போனாள். நடக்கிற தூரம்தான், இருபது நிமிஷம். நேராக அங்கேயே போங்கள். அங்கே மணிக்கு இருபத்தைந்து.

நான் பெரிய மடத்தனமாக ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘முருகேசன், ஓசூர்’ என்று போட்டால் படம் வந்துவிடும் என்று. பிரபாவும் என் மனசுக்காகப் போட்டுப் பார்த்தாள். என்னென்னவோ முருகேசன்கள் வந்தார்கள். எங்கள் முருகேசன் வரவில்லை.

“போட்டோ எடுத்த சீனாக்காரர் பேரைப் போட்டுப் பாரேன்” என்றாள் கோமதி. “லீ சாருன்னு அண்ணன் சொல்லும்.”

பிரபா சிரித்துவிட்டாள். “நம்ம ஷெட்டுல எல்லாச் சீனாக்காரரும் லீ சாருதான் அக்கா. உண்மையான பேரு யாருக்கும் வாய்ல நுழையாது. அவுகளும் பாவம், கூப்பிட்டா திரும்பிருவாவ. சீனாவுல லீன்னு தேடுதது, மதுரையில நின்னு மீனாட்சின்னு கூப்பிடுத மாதிரி.”

பிறகு கல்லின் பெயரைப் போட்டாள். இங்கேதான் அவள் ஒரு விஷயம் சொன்னாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நாம் எல்லாரும் தேடுவது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பக்கத்தில். சீனாவில் அப்படி இல்லையாம். அவர்களுக்கென்று அவர்கள் நாட்டுக் கம்பெனியே ஒன்று இருக்கிறது. ஆட்கள் பெரும்பாலும் அதில்தான் தேடுகிறார்கள். அமெரிக்கக் கம்பெனியும் விடவில்லை. சீனாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்தது. அந்த நாட்டு அரசாங்கம் காட்டக்கூடாது என்று சொல்வதைக் காட்டமாட்டோம் என்று ஒத்துக்கொண்டுதான் திறந்ததாம்.

“அவ்ளோ எறங்கிப் போயுமா ஆளு வரலை?” என்றாள் கோமதி.

“வந்தாவ, ஆனா பத்தலை. சொந்தக் கம்பெனில பாட்டுத் தேடினா காசில்லாம எறங்கும். பையனுங்க எல்லாம் பாட்டுக்காக அங்க போனவனுங்க, மத்ததையும் அங்கயே தேட ஆரம்பிச்சிட்டானுங்க. இப்ப ரெண்டு கம்பெனிக்கும் நாய் பூனைச் சண்டை. ரெண்டு பேரு ஏஜெண்டும் எனக்கு வாரவாரம் போன் பண்ணுதாவ. எங்ககிட்ட விளம்பரம் குடுங்க, உங்க கல்லை மேல காட்டுதோம்னு. இவங்க பேசி முடிச்சி போனை வைக்கேன், அவங்க பேசுதாவ.”

காலையில் இரண்டு கண்டக்டர்கள் எங்களை இழுத்த இழுப்பு ஞாபகம் வந்தது. சொன்னேன். பிரபா, “அதேதான் அக்கா. ஆனா இதுல பஸ்ஸு ரெண்டும் ஒரே ஊருக்குப் போகாது, பாருங்க” என்றாள்.

அது எப்படி என்று உடனே தெரிந்தது. அமெரிக்கப் பக்கத்தில் சீன மொழியில் ‘இந்தியக் கறுப்பு, ஓசூர்’ என்று தட்டினாள். அவர் வேலை பார்த்த கம்பெனியின் சொந்தப் பக்கம் வந்தது. படங்கள் வந்தன. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ஒவ்வொரு பலகையும் ஆழமான கிணறு மாதிரி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் நம்பர், அவர் கையெழுத்து. ஒரு படத்திலும் ஒரு நிழல் கூட இல்லை.

“இதெல்லாம் அண்ணாச்சி துணி புடிச்சி எடுத்தது” என்றாள் பிரபா. “எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. வேற ஆளு புடிச்சா எங்கயாவது ஒரு லைட்டு விழுந்துரும்.”

இத்தனை படத்திலும் அவர் இரண்டடி தள்ளி நின்றிருக்கிறார். நன்றாக வேலை செய்திருக்கிறார், அதனால்தான் எதிலும் இல்லை.

அடுத்து சீனக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். அதே பெயர். மேலே வந்ததெல்லாம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாம், அதைத் தள்ளிக்கொண்டே கீழே போனாள். ஒரு இடத்தில் நின்று வாசித்தாள். “அக்கா, இது ஒரு ஆளோட சொந்த ஆல்பம். கல்லு வாங்கப் போன ஊரு போட்டோ எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்காவ. ஓசூருன்னு ஒரு கட்டு இருக்கு.”

“அந்த அமெரிக்காக்காரன் ஏன் இதைக் காட்டலை?” என்று கேட்டேன்.

“இந்த ஆல்பம் சீனக் கம்பெனியோட வீட்டுக்குள்ள இருக்கு. எதிராளியை வீட்டுக்குள்ள விடுவாவளா? வாசலோட சரின்னு நினைக்கேன்.”

ஓசூர்க் கட்டைத் திறந்தாள். முதல் படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. பாதி கூட இறங்கவில்லை, கரண்ட் போய்விட்டது.

பன்னிரண்டு மணி. அந்த நேரத்துக் கரண்ட் கட் ஓசூரில் வழக்கம்தானாம். இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார் கடைக்காரர். நீங்கள் போனால் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். நாங்கள் எதிரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு இருபது ரூபாய், ராகிக் களியும் கிடைக்கும். எனக்கு இறங்கவில்லை. கோமதி என் இலையிலிருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, “அண்ணி, இல்லைன்னா இல்லைன்னு வெச்சிக்கலாம். போலீஸு போட்டோவுக்கே நல்ல பிரேமா போட்டுக்கலாம்” என்றாள். வாய் அப்படிச் சொன்னாலும், நான் தேடுவதை நிறுத்திவிடுவேனோ என்று அவளுக்குப் பயம் என்பது, சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. இரண்டரைக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. அந்த லீ சார் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு மாடு. ரோஜாத் தோட்டம். மலைக்கோயில் படிக்கட்டு. வாழை இலையில் சாப்பாடு. ஒரு டீக்கடைக்காரர் உயரத் தூக்கி டீ ஆற்றுகிறார். பிறகு பலகைகள். சுத்தமானவை, ஆடினவை, கை விரல் மறைத்தவை எல்லாம் கலந்து. தேர்ந்தெடுக்கவே இல்லை. எடுத்த அத்தனையையும் அப்படியே ஏற்றியிருக்கிறார்.

நாலாவது பக்கத்தில் ஒரு பலகை. பிரபாவின் கை நின்றது.

கறுப்புக் கல்லுக்குள் ஷெட் முழுக்கத் தெரிந்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள். துணி இடுப்பு வரை இறங்கிக் கிடக்கிறது. காதில் பென்சில். வாயைத் திறந்து, கண் இடுங்கி, தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

கோமதி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நிமிர்ந்தாள். “இல்ல. இது எங்கண்ணன் இல்ல.”

“நல்லா பாருங்கக்கா.”

“பாத்துட்டேன். எங்கண்ணனுக்கு மச்சம் எடது கன்னத்துல. இந்த ஆளுக்கு வலதுல இருக்குது. வகிடும் மாறி இருக்குது. எங்கண்ணன் இப்படிப் பல்லைக் காட்டிச் சிரிக்கவும் சிரிக்காது. யாரையோ காட்டி எங்களை ஏமாத்தாதம்மா.” குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு மச்சம் தேவைப்படவில்லை. ஆனாலும் அவளாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

பிரபா படத்தின் மேல் மூலையில் விரலை வைத்தாள். “இது என்னன்னு தெரியுதா அக்கா? ஷெட்டு சுவத்துல எழுதியிருக்க ‘புகை பிடிக்காதீர்’. எழுத்து திருப்பி இருக்கு பாருங்க. கண்ணாடில பாத்தா எடது வலதா மாறுமில்லா? கல்லும் கண்ணாடிதான்.”

கோமதி எழுத்தைப் பார்த்தாள், மச்சத்தைப் பார்த்தாள், தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்து கம்ப்யூட்டரில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நான் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வீட்டில் அவர் சிரிப்பார், இல்லை என்று சொல்லவில்லை. மீசைக்குள்ளேயே சிரிப்பார். இது வேற சிரிப்பு. வாரத்தில் ஆறு நாள் எனக்குத் தெரியாத ஊரில், தெரியாத இரண்டு பாஷையில், அவர் இப்படி ஒரு ஆளாக இருந்திருக்கிறார். பொறாமையா என்று கேட்டால் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த அறையில், அந்தக் கல் தூசியில், தனியாகக் கஷ்டப்பட்டுக்கொண்டே போய்விட்டார் என்றுதான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலர் பிரிண்ட் ஒன்று பதினைந்து ரூபாய். சிடியில் போட்டுத்தர முப்பது. பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் பிரபா கேட்டாள், “திருப்பிப் போட்டுரவா அக்கா? ஒரு நிமிஷ வேலை. மச்சம் சரியான பக்கம் வந்துரும்.”

“திருப்பு, திருப்பு” என்றாள் கோமதி.

“எனக்கு ஒண்ணு அப்படியே குடும்மா” என்றேன் நான். சவரம் பண்ணும்போது கண்ணாடியில் அவர் பார்த்த முகம் இதுதான். சரியான பக்கத்து முகம் எனக்கு மனப்பாடம். அவர் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

திரும்புவதற்கு நாலரை பஸ். பெங்களூரிலிருந்து வருகிற பஸ்கள் ஞாயிறு சாயங்காலம் நிரம்பியே வரும், கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டுதான் வந்தோம். மடியில் வைக்க இடம் இல்லாததால் கோமதி படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, “கசங்கப் போவுது, கொஞ்சம் தள்ளிப் போய்யா” என்று அவருக்கும் ஒரு திட்டு விழுந்தது.

இந்த மாதிரி போக நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்குள் சென்டரில் உட்கார்ந்துவிடுங்கள். இறந்தவர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். அவர் கையில் என்ன சரக்கு இருந்ததோ அதன் பெயரை, வாங்குகிறவர்கள் சொல்கிற பெயரை, கம்பெனியில் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு தேடலில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். சரக்கு எந்த நாட்டுக்குப் போனதோ அந்த நாட்டுக்காரர் தேடுகிற இடத்தில் தேடிப் பாருங்கள். நல்ல படங்களைச் சீக்கிரம் தள்ளிவிட்டு, கெட்டுப்போன படங்களை நிதானமாகப் பாருங்கள். பாஷை தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும். அவர்களுக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். எங்கள் இருவருக்கும் பஸ், ஆட்டோ, சாப்பாடு, சென்டர், பிரிண்ட் எல்லாம் சேர்த்து முந்நூறுக்குள் முடிந்தது.

திதி நல்லபடியாக நடந்தது. கோமதி அவள் விருப்பப்படியே திருப்பிப் போட்ட படத்தைச் சுவரில் மாட்டினாள். திதிக்கு வந்தவர்களில் இரண்டு பேர், இறந்தவர் படத்தில் இவ்வளவு சிரிப்பு ஆகாது என்றார்கள். “அப்படின்னா நீங்க அழுதுக்கிட்டே ஒண்ணு எடுத்து வெச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். என்னுடையது பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அந்த ஆல்பத்தில், படத்துக்குக் கீழே, பிரபா சீன மொழியில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டிருந்தாள். கல்லில் தெரிகிறவர் பெயர் முருகேசன், போன வருஷம் இறந்துவிட்டார், அவர் வீட்டுக்காரர்கள் இந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று. பதிலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. திதி முடிந்த மறு வாரம் பிரபா போன் செய்தாள்.

“அக்கா, லீ சார் பதில் எழுதியிருக்காவ.”

வாசித்துத் தமிழில் சொன்னாள். அவர் இறந்தது தெரியாது, மிகவும் வருத்தம் என்று எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஏதோ பேசிச் சிரித்ததில் உங்கள் வீட்டுக்காரர் துணியைத் தூக்க மறந்துவிட்டார், ஒன்பது பத்து முறை வந்திருக்கிறேன், அவர் மறந்தது அந்த ஒரு முறைதான். படம் கெட்டுப்போய்விட்டது. கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். குடும்பத்தார் பார்க்கும்படி ஆகிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும், உடனே நீக்கிவிடுகிறேன்.

“நீக்கிருவாவளாம் அக்கா. நான் என்னன்னு எழுத?”

போனில் சத்தம் பெரிதாகக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த கோமதி கையை உதறிவிட்டு எழுந்தாள். “ஏம்மா, சும்மா பேசிட்டே இருக்கற? மொதல்ல எழுது! எடுக்கக் கூடாதுன்னு எழுது! எங்ககிட்ட இருக்குதுதான், ஆனா அங்கயும் இருக்கணும்னு எழுது!”

“பிரபா” என்றேன். “இருக்கட்டும்னு மட்டும் எழுதும்மா.”

சீனத்தில் அதற்கு இரண்டே எழுத்துதானாம். போனை வைக்காமல் காதிலேயே வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது.